ஏதென்ஸிலிருந்து திரும்பி

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. அம்மாவின் காரியத்தை நினைத்த மாதிரி பெரிதாகச் செய்ய முடியவில்லை, பங்காளிகள் முகம் சுளித்தார்கள் என்று எழுதியிருந்தாய். அதிலிருந்து எனக்கும் மனது சரியில்லை. வரமுடியாமல் போனது வேறு உறுத்துகிறது.

போன வாரம் மகனோடு ஏதென்ஸ் போயிருந்தேன். அங்கே தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் ஒரு சாடி, ஒன்றரை மீட்டருக்கும் மேல் உயரம். கி.மு. 750 வாக்கில் ஒரு பெண்ணின் கல்லறைமேல் அடையாளமாக வைத்தது. மேலிருந்து கீழ்வரை பெரும்பாலும் கட்டமும் கோடும்தான், கழுத்தில் மட்டும் வரிசையாக விலங்குகள். நடுவில் கட்டிலில் கிடத்திய உடல். இரண்டு பக்கமும் தலையில் கைவைத்து அழுகிற ஆட்கள். கண், வாய் எதுவும் வரையவில்லை, வெறும் கறுப்பு உருவங்கள். ஆனால் அந்தக் கைகளைப் பார்த்தாலே அழுகைச் சத்தம் கேட்கிறது. கட்டிலை ஒட்டி ஒரு குழந்தை வேறு நிற்கிறது. என்னால் சட்டென்று நகர முடியவில்லை.

அப்புறம் லெக்கிதோஸ் என்கிற எண்ணெய்க் குடுவைகள். இவை முந்நூறு வருஷம் பிந்தியவை. வெள்ளைப் பூச்சின்மேல் மெல்லிய கோட்டில் படம். கல்லறைப் படியில் இறந்தவரே உட்கார்ந்திருப்பார், எதிரே கூடையில் நாடாக்கள் கொண்டுவந்த பெண் நிற்பாள். இங்கே அலறல் இல்லை. சுட்ட பிறகு தீட்டிய நிறங்கள் என்பதால் பல உதிர்ந்துவிட்டன. சேலை மாதிரி போர்த்திய துணியின் நிறம் போய், உடம்பின் கோடு மட்டும் நிற்கிறது. புழங்கினால் தாங்காது. கல்லறைக்குப் போகிற பாத்திரம்தானே என்று அப்படிச் செய்திருக்கிறார்கள்.

உனக்குச் சொல்ல நினைத்தது இதுதான். இந்தக் குடுவைகள் சிலவற்றின் கழுத்துக்குக் கீழே, உள்ளுக்குள் ஒரு சின்னக் கிண்ணத்தை ஒட்டிவைத்திருக்கிறார்கள். அது நிறைந்தாலே குடுவை வாய்வரை ததும்பும். கீழே முழுக்கக் காலி. ஏமாற்று வேலை என்று சிலர் சொல்லலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆலிவ் எண்ணெய் விலை அதிகம். இருந்ததை ஊற்றி, நிறைவாகக் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். அந்தக் குடுவை முன்னால் நின்றபோது, கடைசி நாலு வருஷம் அம்மாவைத் தூக்கிக் குளிப்பாட்டிய உன் கைதான் ஞாபகம் வந்தது. பங்காளிகள் பேசினால் பேசட்டும்.

தையில் ஊருக்கு வருகிறேன். அம்மா படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் உட்கார வேண்டும்.

அன்புடன்,
ராஜு