எம்.ஏ. பொருளாதாரத்துக்கும் வழிகாட்டிப் பக்கத்தில் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கல்லூரிச் சேர்க்கை நேரத்தில் தங்கள் நாளிதழில் வரும் வழிகாட்டிப் பக்கங்களைத் தவறாமல் படிக்கிறேன். பொறியியல், நர்சிங், பி.காம்., சி.ஏ. எல்லாம் வருகின்றன. எம்.ஏ. பொருளாதாரம் பற்றி ஒரு பத்திகூட என் கண்ணில் படவில்லை. வேறு எதிலும் இடம் கிடைக்காதவர்கள் சேரும் படிப்பு என்ற பேச்சு எங்கள் பக்கம் இன்னும் ஓயவில்லை. நான் இன்று சம்பளம் வாங்குவது அந்தப் படிப்பால்தான். அதனால் இதை எழுதுகிறேன்.

எனக்கு அறந்தாங்கி பக்கம் ஒரு கிராமம். மாவட்டத்தில் உள்ள அரசுக் கல்லூரி ஒன்றில் தமிழ்வழியில் எம்.ஏ. முடித்தேன். முடித்த கையோடு, சில வீடுகளைத் தேர்ந்தெடுத்து விசாரிக்கும் மத்திய அரசின் மாதிரி ஆய்வுகளுக்கு ஒப்பந்தக் களப்பணியாளராகப் போனேன். இப்போது திருச்சியில் ஓர் ஆய்வு நிறுவனத்தில், களத்திலிருந்து வரும் தரவுகளைச் சரிபார்க்கும் குழுவுக்குப் பொறுப்பாக இருக்கிறேன்.

வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்க எம்.ஏ. எதற்கு என்று உறவினர்களே கேட்டதுண்டு. 2017 முதல் நாடு முழுக்க நடந்துவரும் தொழிலாளர் கணக்கெடுப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஒவ்வொருவரும் என்ன வேலை செய்கிறார் என்பதற்கு ஓர் எண் போட வேண்டும். சொந்தத் தொழில் செய்பவருக்கு 11. குடும்பத் தொழிலில் கூலியில்லாமல் உழைப்பவருக்கு 21. மாதச் சம்பளக்காரருக்கு 31, தினக்கூலிக்கு 51. வீட்டு வேலை மட்டும் பார்ப்பவருக்கு 92. வீட்டு வேலையோடு விறகு, தீவனம் சேகரிப்பவருக்கு 93. எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு பெண்ணிடம் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டால், "சும்மாதான் இருக்கேன்" என்பார். 92 போட்டுவிட்டு எழுந்துவிடலாம், யாரும் கேட்கப் போவதில்லை. ஆனால் கொஞ்சம் உட்கார்ந்து பேசினால், விடியற்காலையில் பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றுவதும், குடும்ப வயலில் களை எடுப்பதும், கடலையை உடைத்து விதைக்கு எடுத்துவைப்பதும் அவர்தான் என்று தெரியவரும். அவர் 92 இல்லை, 21. இப்படிப் போடப்படும் எண்களைக் கூட்டித்தான் இந்தியாவில் எத்தனை சதவீதப் பெண்கள் உழைக்கிறார்கள் என்று சொல்கிறார்கள், அதை வைத்துத்தான் திட்டம் போடுகிறார்கள். உழைப்பு என்றால் என்ன, கூலி இல்லாத உழைப்பை எப்படிக் கணக்கில் எடுப்பது என்றெல்லாம் இரண்டு வருடம் வகுப்பில் உட்கார்ந்து யோசித்தவருக்கு அந்த வீட்டுத் திண்ணையில் அடுத்த கேள்வி தானாக வரும்.

எங்கள் பேராசிரியர் ஒருவர் அடிக்கடி கில்பர்ட் ஸ்லேட்டரைப் பற்றிச் சொல்வார். சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் பொருளாதாரப் பேராசிரியராக வந்தவர். 1916 வாக்கில் தன் மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பி, நிலம், கடன், கூலி என்று விசாரித்து எழுதிவரச் சொன்னார். இருவேல்பட்டு, கங்கைகொண்டான், வடமலைபுரம், தூசி போன்ற ஊர்கள் அப்படித்தான் பொருளாதார ஆய்வில் இடம்பிடித்தன. அதே ஊர்களுக்குப் பின்னால் வந்த ஆய்வாளர்களும் மறுபடி போனார்கள். அதைக் கேட்ட தைரியத்தில்தான் நான்காம் செமஸ்டர் புராஜெக்டுக்கு என் ஊரின் குழுக்கடன்களையே எடுத்தேன். முதல் வேலைக்கான நேர்காணலில் அதிகம் கேட்டது அந்தப் புராஜெக்டைப் பற்றித்தான்.

சரி, எல்லாரும் ஆய்வுக்கே போக வேண்டும் என்று சொல்லவில்லை. மத்திய அரசில் பொருளாதார அதிகாரிகளாகச் சேர, 1961 முதல் இந்தியப் பொருளாதாரப் பணி (ஐ.இ.எஸ்.) என்று ஒன்று இருக்கிறது. யு.பி.எஸ்.சி.தான் தேர்வு நடத்துகிறது. ஏதாவது ஒரு பட்டம் போதும் என்கிற ஐ.ஏ.எஸ். தேர்வு போல இல்லை. பொருளாதாரத்திலோ அதைச் சார்ந்த சில பாடங்களிலோ முதுகலை படித்தவர்கள் மட்டுமே எழுத முடியும். எழுத்துத் தேர்வின் 1,000 மதிப்பெண்ணில் 800 நம் பாடம்தான்; நேர்காணலுக்கு 200. ரிசர்வ் வங்கியின் பொருளாதார ஆராய்ச்சித் துறைக்கும் இந்தப் பட்டம் உள்ளவர்களைத் தனியாக எடுக்கிறார்கள். பி.எட். சேர்த்துப் படித்தால் மேல்நிலைப் பள்ளி ஆசிரியர் பணி, நெட் அல்லது செட் என்ற தகுதித் தேர்வில் தேறினால் கல்லூரி ஆசிரியர் பணி. பள்ளியிலிருந்தே தமிழ்வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசுப் பணிகளில் 20 சதவீத முன்னுரிமையும் உண்டு. இதில் எதுவுமே தெரியாமல் எம்.ஏ. இரண்டாம் ஆண்டு வரை வந்துவிடும் பிள்ளைகளைப் பார்க்கும்போது மனசு தாங்கவில்லை.

தெரிந்துகொண்டால் மட்டும் போதாது, தடைகளும் இருக்கின்றன. பொருளாதாரப் பணித் தேர்வுக்கு ஆங்கிலத்தில் மட்டும்தான் விடை எழுத முடியும். அதைவிடப் பெரிய தடை கணக்கு. எங்கள் மாதிரிக் கல்லூரிகளில் பொருளாதாரம் சேருபவர்களில் பலர் பத்தாம் வகுப்போடு கணக்கை விட்டவர்கள். டெல்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ், சென்னை கோட்டூரில் ராஜா செல்லையா 1993இல் தொடங்கிய மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் போன்ற இடங்களில் கால்குலஸும் புள்ளியியலும் இல்லாமல் நகர முடியாது. இங்கேயோ, ஒன்று மாறினால் இன்னொன்று எவ்வளவு மாறும் என்று தரவை வைத்துக் கணிக்கும் ரிக்ரெஷனையே மனப்பாடம் செய்து எழுதித் தேறிவிடுகிறார்கள்.

குழுவுக்கு ஆள் எடுக்கும்போது நான் ஒரு தாள் கொடுப்பேன். நாற்பது குடும்பங்களின் மாதச் செலவு. அதில் ஒரு வீட்டில் கல்யாணச் செலவும் சேர்ந்திருக்கும். சராசரி என்ன என்று கேட்பேன். அந்த ஒரு வீட்டுச் செலவே சராசரியைத் தூக்கிவிடும் என்று பார்க்காமல், கூட்டி வகுத்து உடனே நீட்டுபவர்களே அதிகம். அந்த ஒரு வீட்டைக் காட்டி, "மேடம், இதை என்ன செய்யலாம்?" என்று கேட்கிற பிள்ளையை எந்தக் கல்லூரி என்றுகூடப் பார்க்காமல் எடுத்துக்கொள்வேன். இந்தப் பார்வையை எந்த ஊர்ப் பிள்ளைக்கும் கற்றுக்கொடுக்கலாம். எம்.ஏ. முதல் செமஸ்டர் தொடங்கும் முன் கணக்குக்கென்றே சில வாரம் ஒதுக்கட்டும். புள்ளியியல் கணக்குகளைப் போட உதவும் 'ஆர்' மென்பொருள் இலவசம். கல்லூரியின் கணினி அறையைச் சாயங்காலம் திறந்துவிட்டால் போதும். உயர்கல்வித் துறை இதைச் செய்ய வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

தங்களிடமும் ஒரு கோரிக்கை. பிளஸ் 2 முடிவுகள் வரும் வாரத்தில் வழிகாட்டிப் பக்கத்தில் ஒரு நாளைப் பொருளாதாரத்துக்கு ஒதுக்குங்கள். யார் எந்தத் தேர்வு எழுதலாம், அதற்கு இளங்கலையிலேயே என்ன படிக்க வேண்டும் என்று போடுங்கள். வேண்டுமானால் எழுதித்தர நான் தயார்.

இப்படிக்கு,
வாசகி,
அறந்தாங்கி.