மகளே, காரை விற்க வேண்டாம்

அன்பு மகளுக்கு,

நேற்று நீ அனுப்பிய காரின் படத்தை இரவு எத்தனை தரம் எடுத்துப் பார்த்திருப்பேன் என்று தெரியாது. முன்பக்கம் நிமிர்ந்து நிற்கிறது, பின்பக்கம் மாடு படுத்த மாதிரி நிலத்தோடு கிடக்கிறது. கராஜில் எல்லாவற்றையும் கழற்றிப் புதிதாகப் போட 2,400 டொலர் கேட்டார்கள், இந்தப் பழைய காருக்கு இவ்வளவு செலவு தேவையா என்றும் கேட்டார்கள் என்று சொன்னாய். "விற்றுவிடட்டா அப்பா?" என்று நீ கேட்டபோது எனக்கு உடனே பதில் வரவில்லை. விற்க வேண்டாம் பிள்ளை. இது நீயே ஒரு சனிக்கிழமையில் செய்து முடிக்கக்கூடிய வேலை. தோள் ஒப்பரேசன் நடந்திராவிட்டால் நானே தண்டர் பேக்கு வந்திருப்பேன், 1,400 கிலோமீற்றர் எனக்குப் பெரிய தூரமில்லை. இப்போது பாரம் தூக்கக்கூடாது என்று டொக்டர் சொல்லியிருப்பதால் எழுதுகிறேன். ஆறுதலாக வாசி.

அந்த லிங்கன் டவுன் காரின் பின்பக்கத்தில் இரும்புச் சுருள் கிடையாது. அச்சுக்கும் மேலே இருக்கும் சட்டத்துக்கும் நடுவில், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ரப்பர் பைகள் இருக்கின்றன, அவற்றுக்குள் இருக்கும் காற்றுத்தான் காரைத் தாங்குகிறது. விபத்தில் விரியும் பையும் இதுவும் வேறு வேறு, கடையில் கேட்கும்போது கவனம். பின்பக்கம் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று ஒரு சென்சர் பார்க்கும், இறங்கினால் முன்னால் பொனற்றுக்குள் இருக்கும் கொம்பிரசர் ஓடிக் காற்று அனுப்பும், கூடினால் காற்றை வெளியே விடும். நான் லிமோ என்ற வாடகைக் கார் ஓடிய காலத்தில், ரொறன்ரோ பியர்சன் விமான நிலையத்தில் ஊருக்குப் போய்வந்த சனத்தின் நாலு பெரிய சூட்கேஸை டிக்கியில் ஏற்றினாலும் கார் ஒரு நிமிஷத்தில் மட்டமாக நிமிர்ந்துவிடும். வயதான ஆட்கள் பின்சீற்றில் இருந்து "தம்பி, கப்பலில் போற மாதிரி இருக்கு" என்று சொல்லுவார்கள். அந்தச் சொல்லுக்காகவே நான் அந்தப் பைகளை ஒழுங்காகப் பார்த்து வந்தேன்.

ரப்பர் என்றால் வயது போகத்தான் செய்யும். உன்னிடம் இருப்பது 2010 மொடல், இங்கே ஒன்ராறியோவில் செயின்ட் தோமஸில் செய்தது, அடுத்த வருஷம் அந்தத் தொழிற்சாலையையே மூடிவிட்டார்கள். பையின் கீழ்ப்பகுதியில் ரப்பர் மடிந்து உருளுகிற இடம் ஒன்று இருக்கும், முதலில் வெடிப்பு விழுவது அங்கேதான். கொம்பிரசரும் போய்விட்டது என்று கராஜில் சொல்லியிருந்தால் அது உண்மையாகவும் இருக்கலாம், ஏனென்றால் பை கசியக் கசிய அது ஓய்வில்லாமல் ஓடிச் சூடேறும். ஆனால் பையைப் பார்க்காமல் கொம்பிரசரை மட்டும் மாற்றினால் புதியதும் அதே வழியில் போகும். எஞ்சினை ஸ்டார்ட் பண்ணிக் காதைக் கொடு, முன்பக்கத்தில் இருந்து உர்ரென்று ஒரு சத்தம் வந்து பின்பக்கம் மெல்ல எழும்பினால் கொம்பிரசர் உயிரோடு இருக்கிறது.

எழும்பியதும் பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் கரைத்து ஸ்ப்ரே போத்தலில் எடு. ஆனால் அதற்கும் முன்னால் ஒன்று, இதை மறந்தால் மற்றதெல்லாம் வீண்: டிக்கிக்குள் இந்தக் காற்றுப் பை ஏற்பாட்டை நிறுத்தும் எயார் சஸ்பென்சன் சுவிட்ச் இருக்கிறது, ஜக் போட முதல் அதை நிறுத்து. நிறுத்தாமல் தூக்கினால், கார் உயரமாகிவிட்டது என்று அது நினைத்துக் காற்றை வெளியே விடும், நீ கீழே இருக்கும் நேரத்தில் கார் அசையும். அது ஏறக்குறைய 2 தொன் பாரம், பிள்ளை. ஜக்கை மட்டும் நம்பி ஒருநாளும் கீழே போகாதே. பின் சில்லுக்கு முன்னால் இருக்கும் சட்டத்தில் இரண்டு பக்கமும் ஸ்ராண்ட் என்ற இரும்புத் தாங்கி வைத்து, முன் சில்லுகளுக்குக் கட்டை கொடுத்து, காரைக் கையால் ஆட்டிப் பார்த்த பிறகுதான் கீழே போக வேண்டும். பின் அச்சின் நடுவில் உருண்டையாக இருக்கும் டிபரன்ஷலில் ஜக் வைக்காதே, அதன் பின்மூடியில்தான் அச்சைப் பிடிக்கும் கம்பிகளின் நடு முனை இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் வந்து நிற்கச் சொல். தனியாகச் செய்யாதே.

அப்புறம் சோப்புத் தண்ணீரை மடிப்பிலும், பையின் மேலே இருக்கும் சொலனோய்ட் என்ற சின்ன வால்விலும் அடி. குமிழி வால்வைச் சுற்றி மட்டும் வந்தால் உனக்கு அதிர்ஷ்டம், உள்ளே இருக்கும் ஓ ரிங் என்ற ரப்பர் வளையங்களை மாற்றினாலே போதும். மடிப்பில் வந்தால் பைதான். ஒன்று போனால் மற்றதற்கும் அதே வயதுதான், இரண்டையும் சேர்த்து மாற்று. போன தரம் நான் வாங்கியபோது இரண்டுக்கும் 260 டொலர்தான் ஆனது.

கழற்றும்போது அவசரம் வேண்டாம். வால்வின் கிளிப்பை எடுத்துவிட்டு இடப்பக்கமாக ஒரு நிறுத்தம் வரைக்கும் திருப்பி, கொஞ்சம் வெளியே இழு. உஸ்ஸென்று காற்று போகும், முழுக்கப் போய் முடியும்வரை பொறு. அதன் பிறகுதான் இன்னும் திருப்பி வெளியே எடுக்க வேண்டும். காற்று இருக்கும்போது பிடுங்கினால் வால்வு குண்டு மாதிரிப் பறக்கும், கண்ணாடி போட்டுக்கொள். காற்றுக் குழாயை இழுக்க முதல் அதைச் சுற்றியிருக்கும் வளையத்தை உள்ளே அழுத்திப் பிடி, இல்லாவிட்டால் குழாய் கீறுப்படும். மேலே பையைப் பிடிக்கும் இரும்புக் கிளிப்பை எடுத்து, கீழே அச்சில் இருந்து நெம்பினால் பை வந்துவிடும். பனிக்குத் தெருவில் போடும் உப்பால் துருப்பிடித்து இறுகியிருந்தால் எண்ணெய் அடித்து ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வா.

புதுப் பையைப் போடும்போது முறுக்கு விழாமல் பார், ஓ ரிங்கில் சிலிக்கோன் கிரீஸ் தடவு. எல்லாம் பூட்டிய பிறகு சுருங்கிக் கிடக்கும் பையின் மேல் காரின் முழுப் பாரத்தையும் இறக்கிவிடாதே, மடிப்பு நசுங்கிப் புதுப் பை அன்றைக்கே கெட்டுவிடும். சட்டத்தில் ஜக்கைக் கொடுத்து ஸ்ராண்டை எடுத்துவிட்டு, சில்லு நிலத்தில் பட்டுக் கார் ஓரளவு சாதாரண உயரத்துக்கு வரும்வரைக்கும் இறக்கி நிறுத்து. இந்த நேரம் ஒருவரும் கீழே இருக்கக்கூடாது. சுவிட்சைப் போட்டு எஞ்சினை ஓடவிடு, காற்று ஏறிப் பை பாரத்தை எடுக்கத் தொடங்கிய பிறகு ஜக்கை மெல்ல எடு.

பையை எடுத்துவிட்டு இரும்புச் சுருள் போடலாமே என்று யாராவது சொல்லுவார்கள். அது பிழை என்று சொல்லமாட்டேன், பலர் போட்டு நன்றாகத்தான் ஓடுகிறார்கள். ஆனால் பாரம் ஏற்றினால் பின்பக்கம் பதியும், அந்தக் கப்பல் ஓட்டமும் போய்விடும். நீ அந்தப் பின்சீற்றில் படுத்துக்கொண்டே பள்ளிக்கூடம் போனவள், உனக்குத் தெரியும்.

லிமோ ஓடிய காலத்தில் நான் இரவு வந்ததும் ரயருக்கும் மேல் வளைவுக்கும் நடுவில் விரலை வைத்துப் பார்ப்பேன், விடிய எழும்பித் திரும்பவும் பார்ப்பேன். என் கைக்கு மூன்று விரல். நீ வேலை முடித்த இரவும் அடுத்த நாள் காலையும் அப்படியே பார், உன் விரலுக்கு எத்தனை வருகிறது என்று சொல். நான் ஐந்து மணிக்கே எழும்பியிருப்பேன்.

அன்புடன்,
அப்பா