உலர்ந்து செத்த விதைகளை 85 சதவீத முளைப்புத்திறன் என்று விற்றது குறித்துப் புகார்

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு.

பொருள்: பலா, நாவல், ரம்புட்டான், கோகோ விதைகள் முளைக்காதது – பணத்தைத் திருப்பித் தரவும், அந்தக் குவியல்களை விற்பனையிலிருந்து எடுக்கவும் கோருதல்.

ஐயா / அம்மா,

வணக்கம். பழமரக் கன்றுகள் வளர்த்துக் கொடுக்கும் சிறிய நாற்றுப்பண்ணை ஒன்றை நடத்துகிறேன். இந்தப் பருவத்துக்காக மேலே சொன்ன நான்கு விதைகளையும், கூடவே புளி, கொன்றை, பப்பாளி விதைகளையும் உங்களிடம் வாங்கினேன். ரசீது, பாக்கெட்டுகளின் படங்கள், குவியல் எண்கள் எல்லாவற்றையும் இத்துடன் இணைத்திருக்கிறேன்.

புளியும் கொன்றையும் நன்றாகவே வந்தன. விதையின் மேலோட்டை லேசாக உரசி, ஒரு இரவு தண்ணீரில் ஊறவைத்து விதைத்தேன். ஒரே சீராக முளைத்தன. அதற்கு நன்றி. இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. அதே நாற்றங்கால், அதே நார்க்கழிவுக் கலவை, அதே தண்ணீர்தான். அதில் உங்கள் பலா விதைகளில் விரல் விட்டு எண்ணும் அளவே எழுந்தன. நாவலில் அதைவிடக் குறைவு. ரம்புட்டானும் கோகோவும் ஒன்றுகூட முளைக்கவில்லை.

தொலைபேசியில் பேசிய உங்கள் ஊழியர் மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் தண்ணீர் அதிகமாகியிருக்கும், கலவையில் பூஞ்சை இருக்கும், வெயில் பட்டிருக்கும் என்று காரணங்களை என் பக்கமே தள்ளிக்கொண்டிருந்தார். அதனால் ஒரு சோதனை செய்தேன். பழுத்த பலாவிலிருந்தும் நாவலிலிருந்தும் விதைகளை எடுத்து, சதையைக் கழுவி, காயவிடாமல் அன்றே விதைத்தேன். உங்கள் விதைகள் கிடந்த அதே தட்டுகளின் மறுபாதியில்தான் விதைத்தேன். அவை முட்டிக்கொண்டு வந்தன. பலாவின் ஆணிவேர் பையின் அடியைத் தேடி இறங்கிவிட்டது. நாவலில் பல விதைகள் ஒன்றுக்கு மேற்பட்ட கன்றுகளைத் தந்தன; அது அந்த மரத்தின் இயல்பு. தட்டின் இந்தப் பாதி பச்சை, அந்தப் பாதி வெறும் கலவை. படம் எடுத்து இணைத்திருக்கிறேன். இதைப் பார்த்த பிறகும் குறை என் தண்ணீரில்தான் என்று சொல்ல முடியுமா?

முளைக்காத விதைகளைக் குறுக்கே வெட்டிப் பார்த்தேன். உயிருள்ள பலா விதை உள்ளே கெட்டியாக, வெளிர் நிறத்தில், ஈரமாக இருக்கும். உங்கள் விதைகள் சுருங்கி, பழுப்பேறி, வித்திலைக்கும் உறைக்கும் நடுவே இடைவெளி விட்டுக் கிடந்தன. சிலவற்றில் கரு இருக்கும் இடமே கறுத்திருந்தது. விதைக்காமல் வைத்திருந்த பாக்கெட்டைப் பிரித்து வெட்டினாலும் இதே நிலைதான். நாற்றங்காலுக்கு வரும் முன்பே அவை செத்துவிட்டன.

எப்படிச் செத்தன என்பது உங்கள் பாக்கெட்டிலேயே எழுதியிருக்கிறது. "நன்கு உலர்த்தப்பட்டு, காற்றுப் புகாமல் அடைக்கப்பட்டு, குளிர்பதனத்தில் சேமிக்கப்பட்டது" என்று பெருமையாக அச்சிட்டிருக்கிறீர்கள். நெல்லுக்கும் உளுந்துக்கும் புளிக்கும் இது மிகச் சரியான முறை. அப்படிப்பட்ட விதைகளில் ஈரப்பதம் 1 சதவீதம் குறைந்தால் ஆயுள் ஏறத்தாழ இரட்டிப்பாகும், சேமிப்பு வெப்பம் 5 டிகிரி குறைந்தாலும் அதேபோல இரட்டிப்பாகும் என்பது விதைத் தொழிலில் இருப்பவர்கள் எல்லாரும் அறிந்த ஹாரிங்டன் கணக்கு. ஆனால் பலாவும் நாவலும் ரம்புட்டானும் கோகோவும் அந்தக் கணக்குக்குள் வருபவை அல்ல. காய்ந்தால் சாகும் விதைகள் என்று ஒரு தனி வகை உண்டு. விதைகளை இப்படி இரண்டாகப் பிரித்து விதை ஆய்வாளர் ஈ. எச். ராபர்ட்ஸ் எழுதியது 1973-ல். விதை விற்பதையே தொழிலாகக் கொண்ட நிறுவனத்துக்கு இது புதுச் செய்தியாக இருக்க முடியாது.

இந்த விதைகள் பழத்துக்குள் இருக்கும்போதே வளர்ச்சியை நிறுத்துவதில்லை. ஈரத்தோடு கீழே விழுந்து, ஈரத்தோடே முளைத்துவிடும். மழைக்காட்டில் வருடம் முழுக்க மண் நனைந்தே கிடப்பதால், காய்ந்து காத்திருக்கும் வழி அவற்றுக்குத் தேவைப்படவில்லை. ஈரப்பதம் 20–30 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் இந்த வகையில் பெரும்பாலானவை பிழைக்காது. குளிரும் ஆகாது. கோகோ விதை 15 டிகிரிக்குக் கீழே போனாலே கெடத் தொடங்கும். 4 டிகிரியில் சில நிமிடங்கள் போதும் அதைக் கொல்ல. நீங்கள் அதை உலர்த்தவும் செய்தீர்கள், குளிரூட்டவும் செய்தீர்கள். அப்புறம் "12 மாதத்துக்குள் பயன்படுத்தவும்" என்று மேலே ஒட்டினீர்கள்.

அந்த 85 சதவீதத்துக்கு வருகிறேன். என்னை மிகவும் வருத்தியது இதுதான். முளைப்புச் சோதனை என்றால் என்ன என்பது எனக்கும் தெரியும். 1924-ல் தொடங்கிய பன்னாட்டு விதைச் சோதனைச் சங்கத்தின் முறைப்படி, கலந்தெடுத்த 400 விதைகளைப் பிரித்து வைத்து, வேரும் தண்டும் ஒழுங்காக அமைந்த நாற்றுகளை மட்டுமே எண்ண வேண்டும். முளைவேர் எட்டிப் பார்த்தாலே முளைத்ததாகக் கணக்கில் எடுக்க முடியாது. உங்கள் லேபிளில் சோதனைத் தேதி இல்லை. பலா பாக்கெட்டிலும் 85, கோகோ பாக்கெட்டிலும் 85, பப்பாளி பாக்கெட்டிலும் 85. இவ்வளவு வேறுபட்ட விதைகள் எல்லாம் ஒரே எண்ணைத் தந்தன என்றால், அந்த எண் சோதனையிலிருந்து வந்ததா அச்சகத்திலிருந்து வந்ததா என்று கேட்க எனக்கு உரிமை இருக்கிறது. சோதனை உண்மையாகவே நடந்திருந்தால் அறிக்கையை அனுப்புங்கள். பழம் பறித்த உடனே செய்த சோதனை என்றால், அது பறித்த அன்றைய விதையைப் பற்றித்தான் சொல்லும். மாதங்கள் கழித்து என் கைக்கு வந்த விதையைப் பற்றி எதுவும் சொல்லாது.

தப்பித்து எழுந்த சில பலா நாற்றுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவற்றை உங்கள் ஊழியர் "முளைத்தவை" என்று கணக்கில் சேர்த்துக்கொண்டார். சிலவற்றில் வேர் நுனி கருகி நின்றுவிட்டது. சிலவற்றில் வேர் வந்தது, குருத்து வரவேயில்லை. மற்றவை புது விதையின் கன்றுகளோடு பக்கத்தில் நிற்கும்போது பாதி உயரம்கூட இல்லை. விதையின் வீரியம் குறைந்தால் இப்படித்தான் ஆகும். மெதுவாக முளைக்கும் விதை ஈரக் கலவையில் அதிக நாள் கிடக்கிறது. அந்த நேரத்தில் பித்தியம் போன்ற, பூஞ்சையை ஒத்த நுண்ணுயிர்கள் அதைப் பிடித்துக்கொள்கின்றன. நாற்றழுகல் வந்தது உண்மைதான், ஆனால் அது உங்கள் விதைகள் கிடந்த பாதியில் மட்டும் வந்தது. மேலே பூசியிருந்த சிவப்பு நிறப் பூஞ்சைக்கொல்லி செத்த விதைக்கு என்ன செய்யும்?

பப்பாளி பற்றி எனக்குப் பெரிய புகார் இல்லை. முளைப்பு முன்னும் பின்னுமாக இருந்தது. விதையைச் சுற்றியிருக்கும் வழுவழுப்பான உறை சரியாக நீக்கப்படவில்லை, அது முளைப்பைத் தடுக்கும். அடுத்த முறை நன்றாகத் தேய்த்துக் கழுவி அனுப்பினால் போதும்.

பணத்தைவிட எனக்குப் பெரிய இழப்பு பருவம். இந்தப் பழங்கள் மறுபடி பழுக்கும்வரை புது விதை கிடையாது. மழைக்கு முன் பையில் வேர் பிடித்திருக்க வேண்டிய கன்றுகள் இப்போது இல்லை. என்னிடம் சொல்லிவைத்தவர்கள் நிலத்தில் குழி எடுத்துத் தயாராக இருக்கிறார்கள். ஒவ்வொருவரையும் அழைத்து, இந்த வருடம் கன்று இல்லை என்று நான்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஆகவே நான் கேட்பது இவை. நான்கு விதைகளுக்கும் கொடுத்த முழுப் பணத்தையும், அனுப்புகைச் செலவையும் திருப்பித் தாருங்கள். மாற்று விதை அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். அதே கிடங்கிலிருந்து வரும் விதை எனக்கு வேண்டாம். அதே குவியல்களை இன்னும் விற்றுக்கொண்டிருக்கிறீர்கள், அதை இன்றே நிறுத்துங்கள். சந்தேகம் இருந்தால் உங்கள் கிடங்கில் மீதமிருப்பதை டெட்ராசோலியம் சோதனைக்கு அனுப்புங்கள். உயிருள்ள திசு அந்தக் கரைசலில் சிவந்துவிடும், செத்தது நிறம் மாறாது. முளைப்புக்காக வாரக்கணக்கில் காத்திருக்கத் தேவையில்லை. பிரிக்காத ஒரு பாக்கெட்டை நானும் வைத்திருக்கிறேன். உங்களைச் சாராத ஆய்வகம் எதுவானாலும் அதற்குத் தரத் தயார்.

இனிமேலும் இந்த விதைகளை விற்பதாக இருந்தால், பழம் பறித்த தேதியை லேபிளில் போடுங்கள். ஈரமான நார்க்கழிவிலோ மரத்தூளிலோ பொதிந்து, காற்றோட்டமுள்ள பையில், குளிர்பெட்டியில் வைக்காமல், பழப் பருவத்தில் மட்டும் அனுப்புங்கள். வழியிலேயே சில முளைவிட்டால் விட்டுவிடுங்கள், வாங்குபவர்கள் அதற்காகக் கோபப்பட மாட்டார்கள். பருவம் இல்லாத மாதங்களில் "இருப்பு இல்லை" என்று எழுதுங்கள். கோகோ விதையை வீட்டுத் தொட்டியில் போட்டுவிட்டு மாதக்கணக்கில் தண்ணீர் ஊற்றிக் காத்திருக்கும் ஒருவருக்கு, குறை தன் கையில் இல்லை என்று தெரியவே வழியில்லை. வெட்டிப் பார்க்க எனக்குத் தெரிந்தது, பார்த்தேன். அவர்களுக்கு யார் சொல்வது?

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்துமூலம் பதில் வேண்டும். வரவில்லை என்றால் இதே படங்களோடும் பாக்கெட்டோடும் நுகர்வோர் குறைதீர்ப்பு அமைப்பிடம் முறையிடுவேன்.

இப்படிக்கு,
நாற்றுப்பண்ணை உரிமையாளர்

இணைப்பு: ரசீது நகல், பாக்கெட் லேபிள்களின் படங்கள், நாற்றங்கால் தட்டுகளின் படங்கள், வெட்டிய விதைகளின் படங்கள்.