டீசல் லாரிக்கு என்று விற்ற வேக்குவம் ஹோஸ் கிட் மீது புகார்

பெறுநர்
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: வேக்குவம் பிரேக் கிட்டில் வந்த பெரிய ஹோஸ் உள்ளே ஊதி அடைத்துக்கொண்டது, பணத்தைத் திருப்பித் தரவும், இதே கிட்டை வாங்கிய மற்றவர்களுக்குத் தெரிவிக்கவும் கோருதல்.

ஐயா / அம்மா,

வணக்கம். இது நான் எழுதும் இரண்டாவது கடிதம். முதல் கடிதத்துக்கு வந்த பதிலில், "ஹோஸை இன்டேக் மேனிஃபோல்டில் சரியாகப் பொருத்தியிருக்கிறீர்களா என்று பார்க்கவும்" என்று இருந்தது. என்னுடையது டீசல் லாரி. முதல் வரியிலேயே அதை எழுதியிருந்தேன். இந்த மாதிரிப் பழைய டீசல் இன்ஜினில், பெட்ரோல் வண்டியில் இருப்பதுபோல காற்றை மறிக்கும் த்ராட்டில் கிடையாது. அதனால் இன்ஜினுக்குள் காற்று போகும் குழாயான மேனிஃபோல்டில், பிரேக்குக்குத் தேவையான வேக்குவமும் (காற்றை உறிஞ்சும் இழுப்பு) கிடையாது. அதற்காகத்தான் ஆல்டர்னேட்டரின் முதுகில் தனியாக ஒரு பம்ப் உட்கார்ந்திருக்கிறது. உங்கள் கிட்டின் அட்டைப் பெட்டியிலும் "டீசல் வண்டிகளுக்கு" என்றுதான் அச்சிட்டிருக்கிறீர்கள். என் கடிதத்தை யாரும் படிக்கவில்லை என்பது தெரிந்துபோயிற்று. சரி, மறுபடி முதலிலிருந்து சொல்கிறேன்.

வண்டி பழையது. நானே ஓட்டுகிறேன், முடிந்த வேலையை நானே பார்த்துக்கொள்கிறேன். காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் பிரேக் பெடல் இறுகலாக இருந்தது, அதனால் வேக்குவம் லைன் மொத்தத்தையும் புதிதாக்கிவிடலாம் என்று இறங்கினேன். பம்ப்பைக் கழற்றி, அதற்குள் சுழலும் தகடுகளான வேன்கள் தேய்ந்திருந்ததால் மாற்றினேன். வேக்குவத்தை அளக்கும் கேஜ் போட்டால் சில விநாடிகளில் 24 அங்குலம் ஏறியது. கடல் மட்டத்தில் காற்றழுத்தமே பாதரசக் கணக்கில் 29.9 அங்குலம்தான் என்பதால், 24 காட்டும் பம்ப் மேல் குறை சொல்ல எதுவும் இல்லை. வேக்குவத்தை வைத்துக் காலின் மிதிக்குப் பலம் கூட்டும் பூஸ்டரையும் பார்த்தேன். இன்ஜினை நிறுத்தி, மிதித்து மிதித்து உள்ளே இருந்ததைக் காலி செய்து, பெடலை அழுத்தியபடியே ஸ்டார்ட் செய்தால் கால் லேசாக உள்ளே இறங்கியது. அப்படி இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது என்று அர்த்தம். மீதி இருந்தது ஹோஸ்கள்தான். எல்லாம் வெயிலிலும் சூட்டிலும் காய்ந்து, வளைத்த இடத்திலெல்லாம் வெடித்திருந்தன. ஒவ்வொன்றாகத் தேடி அலைவதைவிட முழு கிட்டாகவே வாங்கிவிடலாம் என்று உங்களிடம் வாங்கினேன்.

பொருத்தியதில் சிரமம் ஒன்றும் இல்லை. நீளம் சரியாக இருந்தது, கிளிப்புகள் தரமானவை, ஒன்வே வால்வும் நல்ல வால்வு. ஊதிப் பார்த்தேன், ஒரு பக்கம் மட்டுமே காற்று போனது. இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது, பின்னால் வருகிறேன். பூஸ்டர் பக்கத்திலும் கேஜ் 24 காட்டியது. பெடல் மிதிக்க லேசாக இருந்தது.

மூன்று வாரம் கழித்து ஒரு நாள், முழு லோடுடன் ஒரு இறக்கத்தில் வந்துகொண்டிருந்தேன். முதல் மிதிக்கு வண்டி கேட்டது. இரண்டாவதுக்கும் கேட்டது. மூன்றாவது முறை மிதித்தபோது காலுக்கு அடியில் கல். பெடல் அசையவே இல்லை. கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கைப் படிப்படியாக இழுத்து, இரண்டு காலாலும் பெடலை மிதித்து ஓரமாக நிறுத்தினேன். முன்னால் வேறு வண்டி இல்லை. இருந்திருந்தால் இந்தக் கடிதத்தை வக்கீல்தான் எழுதியிருப்பார்.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு அதிகம் எரிச்சல் தந்தது. பம்ப்பில் கேஜ் போட்டேன், 24. ஹோஸைத் தடவிப் பார்த்தேன், உருண்டையாக, புதிது மாதிரியே இருந்தது. கிளிப்புகள் இறுக்கமாக இருந்தன. எங்கும் காற்று இழுக்கும் சத்தம் இல்லை. என் வேலையில்தான் தப்பு என்று நினைத்து இரண்டு நாள் பம்ப்பையும் பூஸ்டரையும் திரும்பத் திரும்பக் கழற்றிப் பூட்டினேன். மூன்றாம் நாள்தான் புத்தி வந்து, கேஜைப் பூஸ்டர் பக்கம் மாட்டி இன்ஜினை ஓடவிட்டுப் பார்த்தேன். 24 வருவதற்கு ஒரு நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. இரண்டு தரம் மிதித்தவுடன் முள் 8-க்கு விழுந்தது. மறுபடி ஏற அதே ஒரு நிமிடம். டார்ச் அடித்துக்கொண்டு ஹோஸ் நெடுகக் கையை ஓட்டினேன். பம்ப்பிலிருந்து ஒரு சாண் தள்ளி, வளைவில், ஹோஸ் சப்பையாகப் படிந்திருந்தது. இன்ஜினை நிறுத்தினேன். என் விரலுக்கு அடியிலேயே மெதுவாக உப்பி மறுபடி உருண்டையாயிற்று. நின்ற வண்டியில் எத்தனை முறை பார்த்தாலும் இது ஏன் கண்ணில் படவில்லை என்று அப்போதுதான் புரிந்தது. பம்ப்பில் போட்ட கேஜ் ஏன் 24 காட்டியது என்பதும் புரிந்தது. வழி அடைபட்டிருந்தால் பம்ப் பக்கம் வேக்குவம் நன்றாகத்தான் காட்டும்.

அந்த இடத்தைப் பிளேடால் நீளவாக்கில் கீறித் திறந்தேன். உள்சுவர் தண்ணீரில் ஊறிய அட்டை மாதிரி தடித்து, பிசுபிசுவென்று விரலில் ஒட்டியது. பென்சில் நுழையக்கூடிய துளை நகக்கண் அளவுக் கீற்றாகிவிட்டிருந்தது. வெளிப்புறம் பளபளவென்று இருந்தது. அங்கே சின்ன எழுத்தில் ரப்பரின் வகையை நீங்களே அச்சிட்டிருக்கிறீர்கள்: ஈ.பி.டி.எம்.

பிரச்சினை இந்த ரப்பர்தான். ஈ.பி.டி.எம். மோசமான ரப்பர் இல்லை. கூலன்டுக்கு நல்லது, பிரேக் ஆயிலுக்கு நல்லது. ஆனால் இன்ஜின் ஆயில் போன்ற கனிம எண்ணெய் பட்டால் ஊதிவிடும். 'பிரேக் கிட்' என்ற பெயரைக் கேட்டுவிட்டு, பிரேக் ஆயிலுக்கு ஒத்துப்போகும் ரப்பரை யாரோ தேர்ந்தெடுத்துவிட்டார் என்று நினைக்கிறேன். வேக்குவம் லைனில் பிரேக் ஆயில் ஓடுவதில்லை. அதில் இருப்பது காற்றும், பம்ப்பிலிருந்து வரும் எண்ணெய்ப் பிசுக்கும்தான்.

உங்கள் பதிலில் இன்னொரு வரியும் இருந்தது: "ஹோஸில் எண்ணெய் வருவது உங்கள் பம்ப்பின் பழுது." இல்லை. இந்த வகைப் பம்ப்புக்கு இன்ஜின் ஆயில்தான் மசகு. ஒரு சின்னக் குழாய் வழியாக எண்ணெய் உள்ளே போகிறது, இன்னொரு வழியாக இன்ஜினின் அடியில் உள்ள எண்ணெய்த் தொட்டியான சம்ப்புக்குத் திரும்புகிறது. இன்ஜினை நிறுத்தியவுடன் ஹோஸில் மிச்சமிருக்கும் வேக்குவம், பம்ப்பிலிருந்து கொஞ்சம் எண்ணெயையும் சேர்த்துத்தான் இழுக்கும். ஒன்வே வால்வு பூஸ்டரில் இருப்பதால், அதுவரை உள்ள ஹோஸ் முழுக்க இந்தப் பிசுக்கைத் தாங்கியாக வேண்டும். என் வண்டியிலிருந்து கழற்றிய பழைய ஹோஸ் வெளியே வெடித்திருந்தாலும் உள்ளே துளியும் ஊதவில்லை. அது எண்ணெயைத் தாங்கும் நைட்ரைல் ரப்பர்.

வால்வைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? அது ஒழுங்காகப் பிடித்து வைத்திருந்ததால்தான் பூஸ்டரில் வேக்குவம் மிச்சம் இருந்தது, முதல் இரண்டு மிதிக்கு வண்டி கேட்டது. உங்கள் கிட்டில் ஒரு பொருள் என்னைக் காப்பாற்றியது, இன்னொன்று கவிழ்க்கப் பார்த்தது.

என் பேச்சை நம்ப வேண்டாம், நீங்களே செய்து பார்க்கலாம். கிட்டில் மிச்சமான, வண்டியில் போடாத துண்டு ஒன்றையும், பழைய நைட்ரைல் ஹோஸின் துண்டு ஒன்றையும் ஒரே கண்ணாடி ஜாடியில் இன்ஜின் ஆயில் ஊற்றி நான்கு நாள் வைத்தேன். வெர்னியரில் பார்த்தால் பழைய துண்டு 18 மில்லிமீட்டர், போட்டபோது இருந்த அதே அளவு. உங்களுடையது 18-லிருந்து 21. நகத்தால் அழுத்தினால் தடம் பதிகிறது.

இனி நீங்கள் சொல்லக்கூடிய "கிளிப்பை அதிகமாக இறுக்கியதால் சேதம்" என்பதற்கும், "அங்கீகரிக்கப்பட்ட பட்டறையில் பொருத்தாததால் வாரண்டி செல்லாது" என்பதற்கும் ஒரே பதில்தான். கிளிப் இருப்பது ஹோஸின் நுனியில். சப்பையானது ஒரு சாண் தள்ளி. ஜாடிக்குள் கிளிப்பே கிடையாது. அந்தத் துண்டை எந்தப் பட்டறையும் பொருத்தவில்லை, நானும் பொருத்தவில்லை.

கிட்டுக்குக் கொடுத்த முழுத் தொகையும் எனக்குத் திரும்ப வேண்டும். மாற்று ஹோஸ் வேண்டாம், நைட்ரைல் ஹோஸ் வாங்கி மாட்டிவிட்டேன். ஆனால் பணத்தைவிட முக்கியமானது வேறு. இதே கிட்டை டீசல் வண்டிக்கு வாங்கிய ஒவ்வொருவருக்கும், அந்த ஹோஸைக் கழற்றச் சொல்லி உடனே தகவல் போக வேண்டும். வாங்கியவர்களின் தொலைபேசி எண்கள் உங்களிடம் இருக்கின்றன. என் எண்ணுக்கு வாரம் இரண்டு விளம்பரம் வருகிறதே. அதுவரை பெட்டியிலிருந்து 'டீசல்' என்ற சொல்லை எடுத்துவிடுங்கள்.

15 நாளுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். வராவிட்டால் நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போவேன். இந்த முறை பதில் எழுதுபவர் வேக்குவம் பம்ப்பை ஒரு தடவையாவது கையில் பிடித்தவராக இருக்கட்டும். புகைப்படங்களும், கேஜ் முள் ஏறும் வீடியோவும், பில் நகலும் இணைத்திருக்கிறேன். கீறித் திறந்த ஹோஸ் என்னிடம்தான் இருக்கிறது, தபாலில் அனுப்ப மாட்டேன். ஆள் அனுப்பினால் காட்டுகிறேன். ஜாடியையும் இன்னும் கொட்டவில்லை.

இப்படிக்கு,
லாரி உரிமையாளரும் ஓட்டுநரும்