எடுத்துப்போகும் சரக்குக்கு ஒரு சீட்டு கொடுங்கள்: நகராட்சி ஆணையருக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். போன செவ்வாய்க்கிழமை காலை பேருந்து நிலையச் சாலைத் தரைக்கடைகளை அகற்றியது பற்றித் தாங்கள் அறிவீர்கள். லாரியில் ஏற்றிய சரக்குக்கு யாருக்கும் பட்டியல் தரவில்லை. நாங்கள் கேட்பது அந்தப் பட்டியலைத்தான்.

தரைக்கடை நடப்பதே வாய்ச்சொல்லில். விடியற்காலை 4 மணிக்குக் கமிஷன் மண்டியில் இரண்டு பெட்டி தக்காளியும் ஒரு மூட்டை வெங்காயமும் எடுக்கிற அம்மாவிடம் யாரும் முன்பணம் கேட்பதில்லை, கையெழுத்தும் வாங்குவதில்லை. மண்டிக்காரர் நோட்டில் பெயருக்கு நேரே தொகையைக் குறித்துக்கொள்வார். மறுநாள் அதைத் தீர்த்தால் புதுச் சரக்கு. மழையில் வியாபாரம் படுத்தால் பாதியைக் கொடுத்து மீதிக்குத் தவணை சொல்லலாம். மழை ஊருக்கே பெய்தது, அவருக்கும் தெரியும். சரக்கை லாரி எடுத்துப்போனது அவருக்கு எப்படித் தெரியும்? விற்ற காசை வேறு கடனுக்குக் கட்டிவிட்டு "லாரியில போச்சு" என்பவர்களும் உண்டு. சீட்டு இல்லாவிட்டால் உண்மையாகவே பறிகொடுத்தவரும் அதே சொல்லைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. இரண்டு நாள் பாக்கி நின்றால் மண்டி நோட்டில் பெயரை அடித்துவிடுவார், புதுச் சரக்கு கிடைக்காது. பிறகு தண்டல்தான்: ரூ.10,000 என்று பேசி, கையில் ரூ.8,500 வாங்கி, தினம் ரூ.100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும்.

பக்கத்துக் கடையில் நிற்கிற வாடிக்கையை இங்கே யாரும் கூவி அழைப்பதில்லை. ஒருவர் வீடு வரை போய் வந்தால் அடுத்த கடைக்காரர் விற்று, காசைத் தனியே முடிந்து வைத்திருந்து கொடுப்பார். ஒரு தராசு மூன்று கடைக்கு ஓடும். அதை எடுத்தால் மூன்றும் நிற்கும். இப்படிப் பழகியவர்கள், லாரியில் குவியலாகக் கொட்டித் திரும்பி வந்த பெட்டிகளில் எது யாருடையது என்று சண்டை போட நேர்ந்தது. கீரைக்குச் சண்டையே வரவில்லை. இரண்டு நாளில் அது அழுகிவிட்டது.

2014ஆம் ஆண்டு தெருவோர வியாபாரிகள் சட்டத்தின் 19ஆம் பிரிவு தெளிவாகவே சொல்கிறது: எடுத்த பொருளுக்குப் பட்டியல் போட்டு, கையொப்பமிட்ட நகலை வியாபாரியிடம் கொடுக்க வேண்டும். அழுகும் பொருளைக் கேட்ட அன்றே திருப்பித் தர வேண்டும். சட்டம் வந்து இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் இதை நாங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறதா? தினசரிச் சுங்கம் வாங்க ஆள் ஒரு நாளும் தவறுவதில்லை. சுங்கம் வாங்கிய இடமே மறுநாள் ஆக்கிரமிப்பு ஆகிவிடுகிறது. காலை முதல் இரவு வரை உட்காரும் பெண்களுக்குக் கழிப்பறை கேட்டுக் கொடுத்த மனுவுக்கும் பதில் இல்லை.

கோபத்தில் சொல் தடித்திருந்தால் பொறுத்தருளுங்கள். பெயர், பொருள், எடை, நேரம், அலுவலர் கையொப்பம்: இவ்வளவும் ஒரே வரியில் அடங்கும். கார்பன் தாள் வைத்த ஒரு நோட்டு போதும். அடுத்த முறை லாரி கிளம்பும் முன் அந்த நோட்டையும் கொடுத்தனுப்புமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பேருந்து நிலையச் சாலைத் தரைக்கடை வியாபாரிகள்