நைட் ரோஸ்டர் (இரவு ட்யூட்டிப் பட்டியல்) போடுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெங்களூரு மருத்துவமனைகளின் நர்சிங் கண்காணிப்பாளர்களுக்கு, வார்டுகளில் நைட் பார்க்கும் தமிழ்ச் செவிலியர்கள் எழுதுவது.

வணக்கம் மேடம். விடிகாலை 4 மணிக்கு கோட் புளூ (இதயம் நின்றவருக்கான அவசர அழைப்பு) அடித்தால், மறுநாள் விசாரணை அந்தச் சில நிமிடங்களையே சுற்றி வருகிறது. யார் ஓடி வந்தார், அட்ரினலின் ஊசி எப்போது போனது? ஆனால் வார்டு நோயாளியின் இதயம் பெரும்பாலும் சொல்லாமல் நிற்பதில்லை. 1990-இல் வந்த ஓர் ஆய்வில், இதயம் நின்றவர்களில் 84 சதவீதம் பேருக்கு முந்தைய 8 மணி நேரத்துக்குள் நிலை மோசமானதோ புதிய தொந்தரவோ பதிவாகியிருந்தது. அந்த 8 மணி நேரம் யார் கையில் என்பது உங்கள் ரோஸ்டரில் இருக்கிறது.

சார்ட்டில் மூச்சு எண்ணிக்கையை மட்டும் பாருங்கள். 20, 20, 20 என்று எல்லாக் கட்டிலுக்கும் ஒரே எண். நாடியையும் ஆக்சிஜனையும் மெஷின் காட்டிவிடும். மூச்சை ஒரு முழு நிமிடம் நின்று எண்ண வேண்டும். களைத்தவர் முதலில் விடுவது அந்த நிமிடத்தைத்தான். மூச்சு 26 ஆன பிறகும் ஆக்சிஜன் 96-லேயே நிற்கலாம். உடல் வேகமாக இழுத்துச் சமாளிக்கிறது. நோயாளி மோசமாவதை மதிப்பெண் போட்டுக் காட்டும் நியூஸ் 2 அட்டவணையில் மூச்சு 25-ஐத் தொட்டால் அது ஒன்றுக்கே 3 மதிப்பெண், உடனே டாக்டர் வந்து பார்க்க வேண்டும். 20 என்று எழுதினால் யாரும் வரமாட்டார்கள்.

இதை அலட்சியம் என்று மெமோ கொடுக்காதீர்கள். 24 கட்டிலுக்கு இரண்டு பேர் என்றால் ஆளுக்கு 12. கட்டிலுக்கு 5 நிமிடம் என்றாலும் ஒரு சுற்றுக்கு ஒரு மணி நேரம். ரத்த மாதிரி, 6 மணி ஆன்டிபயாடிக், யூரின் அளவு எல்லாம் அதே நேரத்தில் வந்து விழுகின்றன. உடம்பு விழித்திருக்க மிகவும் திணறுவதும் அந்த விடிகாலையில்தான்.

ஆள் வரவில்லை என்று மதிய ட்யூட்டியோடு நைட்டையும் சேர்த்தால் 2 மணி முதல் மறுநாள் 8 வரை 18 மணி நேரம். காலை 7-க்கு எழுந்தவர் 4 மணிக்கு 21 மணி நேரமாகத் தூங்காதவர். 17 மணி நேரம் விழித்திருந்தாலே ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் உள்ளவர் அளவுக்குத் தடுமாறுவார்கள் என்று 1997-லேயே ஆய்வு காட்டியது. நம் நாட்டில் வண்டி ஓட்ட வரம்பு 0.03. அந்தக் கையில்தான் அளவு தவறினால் உயிருக்கே ஆபத்தான இன்சுலினும் பொட்டாசியம் குளோரைடும் இருக்கின்றன.

ரெசிடென்ட் டாக்டர்களுக்கு (மேற்படிப்போடு வார்டு பார்ப்பவர்கள்) வாரம் 48 மணி நேரம் என்று மத்திய அரசு 1992-லேயே சொன்னது. 30 மணி நேரமாக ட்யூட்டியில் இருக்கும் டாக்டரை எழுப்ப நாங்கள் தயங்கும் அரை மணியும் நோயாளிக்கே நட்டம்.

மதியத்தோடு நைட்டைச் சேர்க்கும் டபுள் ட்யூட்டியை நிறுத்துங்கள். தொடர்ந்து 3 நைட்டுக்கு மேல் வேண்டாம். முடிந்ததும் 2 நாள் ஓய்வு. இரவு 8-க்கு முடித்தவரை மறுநாள் காலை 8-க்குப் போடாதீர்கள். சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலைத் தாண்டி வீடு போய்த் திரும்பினால் தூக்கத்துக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். அவசரமில்லாத ரத்த மாதிரிகளை லேப் ஆட்கள் 6:30-க்கு மேல் எடுக்கட்டும். 4 மணிச் சுற்று மூச்சு எண்ணுவதற்கு இருக்கட்டும். நடுவில் 20 நிமிடத் தூக்கம் கொடுங்கள். கட்டிலைப் பார்த்துக்கொள்ளும் மாற்று ஆளின் பெயரை ரோஸ்டரிலேயே எழுதுங்கள். பெயர் இல்லாவிட்டால் யாரும் படுக்கப் போக மாட்டார்கள்.