'தாயும் சேயும் நலம்' என்று எழுதும் மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள டாக்டர்களுக்கு,

இந்த மடல் பிரசவம் பார்ப்பவர்களுக்கு மட்டும் அல்ல. காய்ச்சலுக்கும் களைப்புக்கும் மாத்திரை எழுதுபவர்கள், நள்ளிரவில் அவசரப் பிரிவில் நிற்பவர்கள், இதயம், சிறுநீரகம், மனநலம் பார்ப்பவர்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். பிரசவத்தில் தொடங்கிய கோளாறோடு ஒரு பெண் பிரசவ வார்டுக்கே திரும்பி வருவது குறைவு. உங்களிடம்தான் வருகிறாள், அதுவும் பல சமயம் வருடங்கள் கழித்து.

என் கதையைச் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது பிரசவத்தில் நஞ்சுக்கொடி வெளியே வந்தபிறகும் எனக்கு ரத்தம் நிற்கவில்லை. "கர்ப்பப்பை சுருங்கலை" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. ஒருவர் என் வயிற்றை அழுத்திக்கொண்டே இருந்தார். காதுக்குள் இரைச்சல், அப்புறம் பல் கிட்டும் குளிர். கண் விழித்தபோது நான்காவது யூனிட் ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது. உயிரைக் காப்பாற்றினார்கள். அதற்கு இன்றும் நன்றியோடுதான் இருக்கிறேன். குறை அதற்கு அப்புறம்தான். வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த டிஸ்சார்ஜ் தாளில் குழந்தையின் எடை இருந்தது, மறுபடி வரவேண்டிய தேதி இருந்தது, கீழே 'தாயும் சேயும் நலம்' என்று இருந்தது. ரத்தம் போனதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

பால் சுரக்கவில்லை. கொஞ்சமாகச் சுரந்தது என்றில்லை, ஒரு சொட்டும் இல்லை. முதல் பிள்ளைக்கு நைட்டி நனையச் சுரந்தவள் நான். மூன்றாம் நாள் மார்பு கனத்துக் கட்டிக்கொள்ளுமே, அதுவும் இல்லை. "பிள்ளையைச் சரியாகப் பிடித்து வைக்கவில்லை", "கவலையை விட்டால் தானாகச் சுரக்கும்" என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். மாதவிடாய் திரும்பவில்லை என்று கேட்கப் போனபோது, பால் கொடுக்கிறவர்களுக்கு அப்படித்தான் என்றார் ஒரு மருத்துவர். நான் பால் கொடுக்கவே இல்லை என்பதை அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

வருடங்கள் ஓடின. எல்லோரும் மின்விசிறிக்கு அடியில் உட்கார, நான் போர்வை தேடினேன். ஒருமுறை மழித்த அக்குள் முடி திரும்ப முளைக்கவே இல்லை. அசட்டுத்தனம்தான், அதற்கு அப்போது சந்தோஷப்பட்டேன். சோகை என்று இரும்பு மாத்திரை கொடுத்தார்கள், மனச்சோர்வு என்று வேறு மாத்திரை கொடுத்தார்கள். தைராய்டுக்கு டி.எஸ்.எச். என்ற ஒரு ரத்தப் பரிசோதனை மட்டும் பார்த்துவிட்டு "நார்மல்" என்றார்கள். எட்டாவது வருடம், இரண்டு நாள் வாந்தியும் பேதியுமாகிக் குளியலறையில் விழுந்தேன். ரத்தத்தில் சோடியம் அதலபாதாளத்தில் இருந்தது. அன்று இரவுப் பணியில் இருந்த இளம் மருத்துவர் கட்டில் ஓரமாக நின்று கேட்டார்: "கடைசிப் பிரசவத்துல ரத்தம் நிறைய போச்சாம்மா? பால் இருந்துச்சா?"

எட்டு வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி அது. பதில் சொல்ல எனக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை.

உங்களுக்கு இதற்குள் நோயின் பெயர் தெரிந்திருக்கும். ஷீஹான் நோய்க்குறி. ஹரோல்ட் ஷீஹான் என்ற மருத்துவர் 1937இலேயே விவரித்துவிட்டார். மற்ற சுரப்பிகளுக்குக் கட்டளையிடும், மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி கர்ப்ப காலத்தில் பருத்துவிடுகிறது, அந்த அளவுக்கு அதற்கு ரத்த ஓட்டம் கூடுவதில்லை. பிரசவத்தில் ரத்தம் கொட்டி அழுத்தம் சரியும்போது முதலில் பட்டினி கிடப்பது அதுதான். ஒரு பகுதி செத்துப்போகிறது. பால், மாதவிடாய், தைராய்டு, உடம்பு நெருக்கடியைத் தாங்க உதவும் கார்டிசால் என்று ஒவ்வொன்றாக விளக்கு அணைகிறது. டி.எஸ்.எச். என்பது தைராய்டுக்குப் பிட்யூட்டரி அனுப்பும் கட்டளை. கட்டளையிடும் சுரப்பியே படுத்துவிட்டதால் அது நார்மலாகத் தெரியலாம். கூடவே தைராய்டு ஹார்மோனையே அளக்கும் ஃப்ரீ டி4 பார்த்திருந்தால் அன்றே பிடிபட்டிருக்கும். இன்னொன்றும் உண்டு: இப்படிப்பட்ட பெண்ணுக்குக் கார்டிசால் குறையைச் சரிசெய்யாமல் தைராய்டு மாத்திரையான தைராக்ஸின் மட்டும் கொடுத்தால் ஆளே போய்விடலாம். முதலில் கார்டிசாலுக்கு ஈடான ஹைட்ரோகார்டிசோன், பிறகுதான் தைராக்ஸின். எனக்கு அந்த விபத்து நடக்காமல் போனது, அந்த "நார்மல்" ரிப்போர்ட் புண்ணியத்தில்தான் என்று நினைத்துச் சிரித்துக்கொள்கிறேன்.

"அபூர்வமான நோய்" என்று சொல்வீர்கள். சரி, அபூர்வம்தான். ஆனால் சிகிச்சைக்குப் போய் வந்த இடங்களில், வரிசையில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களிடம் பேசியதில், வேறு வேறு அபூர்வங்களையும் பார்த்துவிட்டேன். ஒருவர் பிரசவம் முடிந்து இரண்டு மாதத்தில் மூச்சு வாங்கி, மல்லாந்து படுக்க முடியாமல், மூன்று தலையணை வைத்துச் சாய்ந்தபடியே தூங்கியிருக்கிறார். நெஞ்சுச் சளி என்று மருந்து சாப்பிட்டதே மூன்று வாரம். கடைசியில் எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுத்தால் இதயத்தசை தளர்ந்திருந்தது. கர்ப்பத்தின் கடைசி மாதம் தொடங்கி பிரசவத்துக்குப் பின் ஐந்து மாதம் வரை இது தலைகாட்டும் என்று உங்கள் பாடப்புத்தகமே சொல்கிறது. ஆனால் பல பெண்களுக்கு ஆறாவது வாரப் பரிசோதனையோடு கணக்கு முடிந்துவிடுகிறது. அந்தப் பரிசோதனையிலும் தையலைப் பார்ப்பீர்கள், கருத்தடை பற்றிப் பேசுவீர்கள், குழந்தையைக் கொஞ்சுவீர்கள். படுத்தால் மூச்சு முட்டுகிறதா, கால் வீங்குகிறதா என்று கேட்பதற்குள் அடுத்தவர் உள்ளே வந்துவிடுவார். அவசரம் புரிகிறது. ஆனால் "உடம்பு அசதியா இருக்கு" என்று அவள் சொல்லும்போது "கைக்குழந்தைக்காரி, அப்படித்தான் இருக்கும்" என்ற பதில் உங்கள் நாக்கு நுனியில் தயாராக இருக்கிறதே, அதை மட்டும் ஒரு நிமிடம் பிடித்து வையுங்கள்.

இன்னொருவருக்குச் சிசேரியன் தழும்பின் ஓரத்தில் நெல்லிக்காய் அளவு கட்டி. குடலிறக்கம் என்றார் ஒருவர், தையல் நூல் ஒவ்வாமை என்றார் இன்னொருவர். அந்த அம்மாள் காலண்டரில் சிவப்பு மையால் வட்டம் போட்டு வைத்திருந்தார்: மாதவிடாய்க்கு முந்தின நாள் வலி தொடங்கும், முடிந்ததும் அடங்கும். கர்ப்பப்பையின் உள்படலம் அறுவையின்போது தழும்பில் ஒட்டிக்கொண்டு, மாதாமாதம் அங்கேயே வீங்கியிருக்கிறது. காலண்டரே நோயைச் சொல்லிவிட்டது, அதை வாங்கிப் பார்க்கத்தான் ஆள் இல்லை. சிசேரியனுக்குப் பிறகு மாதவிடாய் நின்று, மாதந்தோறும் சிறுநீர் சிவப்பாகப் போவதும் உண்டு. கர்ப்பப்பைக்கும் சிறுநீர்ப்பைக்கும் இடையில் துளை விழுந்தால் அப்படி ஆகும். 1957இல் யூசெஃப் என்ற மருத்துவர் விவரித்தது இதைத்தான். கல் என்றும் தொற்று என்றும் சிகிச்சை ஓடினால், எப்போதெல்லாம் சிவப்பாகிறது என்று ஒரு முறை கேளுங்கள்.

பிரசவமான சில நாளில் காய்ச்சலும் வலப்பக்க அடிவயிற்று வலியுமாக வருபவளுக்கு ஆன்டிபயாடிக்கில் காய்ச்சல் அடங்கவில்லை என்றால், குடல்வால் மட்டும்தான் நினைவுக்கு வரவேண்டும் என்றில்லை. சூலகத்தின் ரத்தக்குழாயில் (சிரையில்) ரத்தம் உறைந்திருக்கலாம், பெரும்பாலும் அது வலப்பக்கம்தான். வாரங்கள் கழிந்தும் உதிரப்போக்கு விட்டுவிட்டு வந்தால், கூடவே இருமலில் ரத்தமும் வந்தால், கர்ப்பப் பரிசோதனை ஒன்று செய்து பாருங்கள். இப்போதுதானே பெற்றாள் என்று தோன்றும். நஞ்சுக்கொடித் திசுவில் தோன்றும் கோரியோகார்சினோமா என்ற புற்றுநோய் முழுமாதச் சுகப்பிரசவத்துக்குப் பிறகும் வரும், கர்ப்பப் பரிசோதனையில் தெரியும் எச்.சி.ஜி. ஹார்மோன் அதைக் காட்டிக்கொடுக்கும். மருந்தால் குணமாகும் புற்றுநோய்களில் அது முன்வரிசையில் இருக்கிறது. கண்டுபிடித்தால்தான், அவ்வளவே.

தலைவலி என்று வருகிற பிள்ளை பெற்ற எல்லாப் பெண்களுக்கும் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லவில்லை நான். ஒவ்வொரு இருமலுக்குப் பின்னாலும் புற்றுநோயைத் தேடினால் அதுவும் ஒரு கொடுமைதான். கேட்கச் சொல்கிறேன். எத்தனை பிரசவம் என்று கேட்டு எழுதுகிற பழக்கம் உங்களிடம் இருக்கிறது. அந்தப் பிரசவம் எப்படி நடந்தது என்று கேட்கும் பழக்கம்தான் குறைவு. நோட்டில் 'குழந்தைகள் 2' என்று எழுதிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விடுகிறீர்கள்.

பிரசவம் பார்ப்பவர்களிடம் தனியாக ஒன்று கேட்கிறேன். போன ரத்தத்தைக் கண்ணால் மதிப்பிட்டால் உள்ளதைவிடக் குறைவாகத்தான் தோன்றும் என்பது உங்களுக்கே தெரியும். அளவுக் கோடு போட்ட விரிப்பில் பிடித்து அளந்து, உடனே சிகிச்சை தொடங்கினால் பெரும் ரத்தப்போக்கு வெகுவாகக் குறைகிறது என்று 2023இல் நான்கு ஆப்பிரிக்க நாடுகளில் நடந்த பெரிய ஆய்வு காட்டியது. அளந்த அந்த எண்ணைத் தயவுசெய்து டிஸ்சார்ஜ் தாளிலும் எழுதுங்கள். பயந்துவிடுவாள் என்று மறைக்க வேண்டாம். ரத்தம் போனது அவளுக்குத் தெரியும். அதற்குப் பிறகு எதைக் கவனிக்க வேண்டும் என்பதுதான் தெரியாது.

என் தாளில் இப்படி இருந்திருந்தால் போதும்: "ரத்த இழப்பு சுமார் 2 லிட்டர். 4 யூனிட் ஏற்றப்பட்டது. பால் சுரக்காவிட்டாலோ, மாதவிடாய் திரும்பாவிட்டாலோ, தீராத களைப்பு இருந்தாலோ பிட்யூட்டரி ஹார்மோன்களைப் பரிசோதிக்கவும்." 'தாயும் சேயும் நலம்' என்பதைக் கீழே அப்படியே வைத்துக்கொள்ளலாம், எனக்கு ஆட்சேபம் இல்லை.

இப்படிக்கு,
எட்டு வருடம் கழித்துத் தன் நோயின் பெயர் தெரிந்துகொண்ட ஒரு தாய்